சாரல் ஊர்ல வாழ்த்து அட்டை செய்யப்போறவங்களுக்கு: ஸ்டாம்ப், மார்க்கர், எம்பாஸிங்

ஜூன் மாசம் செங்கோட்டையில ஒரு வெள்ளைப் பேப்பரை மேஜை மேல வச்சுட்டுப் படுத்தீங்கன்னா காலையில அது ஓரமெல்லாம் நெளிஞ்சு கிடக்கும், தொட்டா ஜில்லுன்னு இருக்கும். குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சுன்னு எங்க வீட்டுல பேப்பரைத் தொட்டே சொல்லிரலாம். நான் கார்டு செய்யக் கத்துக்கிட்டது இந்த ஈரத்துக்குள்ளதான். வீடியோல "ரெண்டு நிமிஷம் காய விடுங்க"ம்பாங்க, எங்க ஊர்ல ஆடி மாசம் அது இருபது நிமிஷம் ஆகும், சித்திரையில அரை நிமிஷம்கூட ஆகாது. எது ஈரமா இருக்கணும், எது காஞ்சிருக்கணும், இது பிடிபட்டுருச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. புதுசா வர்றவங்களோட கார்டு கெட்டுப் போறதைப் பாத்திருக்கேன், படம் வரையத் தெரியாததால கெட்டது ஒண்ணு ரெண்டுதான், மத்ததெல்லாம் ஈரம் பாக்காததால கெட்டது.

ஸ்டாம்ப்னு நான் சொல்றது தபால்தலையை இல்ல, ஆபீஸ் சீல் மாதிரி மையில ஒத்திப் பேப்பர்ல அழுத்துற அச்சு. எம்பாஸிங்னா, சில கல்யாணப் பத்திரிகையில பேரு மட்டும் பளபளன்னு புடைச்சு நிக்கும்ல, தடவினா விரலுக்குத் தட்டுப்படும்ல, அது. பிரஸ்ல ஈர மை மேல பிசின் பவுடரைத் தூவி சூட்டுல உருக்கி எடுப்பாங்க, அதையே நாம வீட்டுல சின்ன அளவுல பண்றோம். பவுடரும் சூடும் இல்லாம பேப்பரையே பின்னாடி இருந்து அழுத்திப் புடைக்க வைக்கிற வகையும் உண்டு, டிரை எம்பாஸிங்னு சொல்வாங்க, அது கடைசியில வருது.

பொதுவா சொல்லிட்டே போனா மனசுல நிக்காது, ஒரே ஒரு கார்டை எடுத்து மொதல்ல இருந்து முடிவு வரைக்கும் செஞ்சு காட்டுறேன். எங்க சித்தி குடும்பம் கேரளாவுல புனலூர்ல இருக்கு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதான இருந்துச்சு, அதனால எங்க தெருவுல நிறைய பேருக்கு மலைக்கு அந்தப் பக்கம் சொந்தம் உண்டு. வருஷா வருஷம் ஓணத்துக்குச் சித்திக்கு ஒரு கார்டு அனுப்புவேன், பொங்கலுக்குச் சித்தி மக எனக்கு அனுப்புவா. நான் அதிகம் செஞ்ச படம் பதிமூணு கண்ணறப் பாலம். கழுத்துருட்டி பக்கம் ரோட்டுல பஸ்ல போறப்பவே தெரியுமே, பதிமூணு வளைவோட நிக்குற அந்த ரயில் பாலம். 1904-ல மீட்டர் கேஜ் ரயில் ஓட ஆரம்பிச்ச பாதை அது, 2018-ல இருந்து அகலப் பாதையா ஓடுது. நம்ம வேலைக்கு அந்தப் பாலத்துல ஒரு பெரிய வசதி இருக்கு: பதிமூணும் ஒரே மாதிரி வளைவு. ஒரே ஒரு வளைவைச் செதுக்கினாப் போதும், பதிமூணு தடவை ஒத்தினா பாலம் வந்துரும்.

என்னென்ன வாங்கணும்

குறைச்சலா வாங்குங்க. முப்பது கலர் மை, நாப்பது கலர் மார்க்கர், பத்து டப்பா பவுடர்னு ஒரே நாள்ல ஆர்டர் போட்டு, எதை எப்போ எடுக்கணும்னு தெரியாம மூட்டை கட்டி வச்ச பிள்ளைங்க எனக்குத் தெரிஞ்சே நாலஞ்சு பேரு. மொதல் கார்டுக்கு கெட்டி அட்டை, நல்ல வெள்ளை அழிரப்பர் ரெண்டு, பேப்பர் வெட்டுற பிளேடு கத்தி, ஒரு பிக்மென்ட் இங்க் பேட், ஒரு டப்பா தங்கக் கலர் எம்பாஸிங் பவுடர், நாலஞ்சு மார்க்கர், ஸ்டீல் ஸ்கேல், தீர்ந்து போன பால்பாயின்ட் பேனா ஒண்ணு, இது போதும். சூட்டுக்கு ஹீட் கன் (சூடான காத்து ஊதுற கருவி) வாங்கலாம், வாங்காமலும் சமாளிக்கலாம், அதைப் பின்னாடி சொல்றேன்.

பவுடர் வாங்குறப்ப டப்பாவுல எவ்வளவு நைஸ்னு போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. எழுத்துக்கும் மெல்லிசான கோட்டுக்கும் ரொம்ப நைஸான பவுடர் வேணும், கரடா இருந்தா எழுத்தோட சுழியெல்லாம் அடைச்சுக்கும், 'ண'வும் 'ன'வும் ஒண்ணா ஆயிரும். மொதல்ல தங்கம், அடுத்து வெள்ளை, அதுக்கப்புறம் நிறமில்லாத கிளியர், இந்த மூணு வச்சே ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம்.

அட்டை

ஸ்கூல் சார்ட் பேப்பர் வேண்டாம், மெல்லிசு, சூடு பட்டா சுருண்டுரும். 250-ல இருந்து 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம்ங்கிற கணக்கு) வரைக்கும் உள்ள அட்டையா கேளுங்க. ஸ்டேஷனரி கடையில இல்லேன்னா கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல போய்க் கேளுங்க, ஐவரி அட்டைன்னு சொன்னாலே எடுத்துக் காட்டுவாங்க. அங்க வெட்டிப் போட்ட துண்டு கட்டுக்கட்டா கிடக்கும், அதுவே சின்ன கார்டுக்குப் போதும். பெரிய ஷீட்டா வாங்கினா அங்கேயே கட்டிங் மெஷின்ல வெட்டிக் கொடுக்கச் சொல்லிருங்க, கத்திரிக்கோல்ல அவ்வளவு நேரா வெட்டவே முடியாது.

அளவு: ஏ4 அட்டையைப் பாதியா வெட்டினா ஏ5, 148-க்கு 210 மில்லிமீட்டர். அதை நடுவுல மடிச்சா ஏ6 கார்டு, 105-க்கு 148. அதுக்குச் சரியான கவர் சி6, 114-க்கு 162. பாலத்துக்குக் கார்டைப் படுக்க வச்சு 148 மில்லிமீட்டர் அகலமா எடுத்துக்குறோம். ஒரு வளைவு 1 சென்டிமீட்டர்னா பதிமூணும் 13 சென்டிமீட்டர், ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் இடம் மிஞ்சும்.

மடிக்கிறதுக்கு முன்னாடி அட்டையை ரெண்டு கையாலயும் லேசா வளைச்சுப் பாருங்க. ஒரு பக்கமா சுலபமா வளையும், இன்னொரு பக்கமா முரண்டு பிடிக்கும். சுலபமா வளையுற வாக்குலதான் மடிப்பு வரணும், எதிர் வாக்குல மடிச்சா மடிப்பு வெடிச்சு நார் நாரா தெரியும். அப்புறம் நாலஞ்சு நியூஸ் பேப்பரை அடியில போட்டு, ஸ்டீல் ஸ்கேலைப் பிடிச்சு, மை தீர்ந்த பேனாவால ஒரு கோடு அழுத்தி இழுங்க. ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் வரும். மேடு கார்டுக்கு உள்ள போற மாதிரி மடிக்கணும், நிறைய பேரு பள்ளத்துக்குள்ள மடிக்கிறாங்க, அது மாத்தி.

மழைக்காலத்துல அட்டையை ஸ்டீல் டப்பாவுல, சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு மூணு போட்டு மூடி வைங்க. செருப்பு டப்பா, மாத்திரை டப்பாவுல எல்லாம் வருமே, அதைத் தூக்கிப் போடாதீங்க.

அச்சு செதுக்குறது

தூசி உதிராத அழிரப்பரா எடுங்க, நட்ராஜ், அப்சரா எதுவா இருந்தாலும் சரி, மேல் பக்கம் வழவழன்னு எழுத்து பொறிக்காம இருக்கணும். பட்டர் பேப்பர்ல 1 சென்டிமீட்டர் அகலம் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டம் போட்டு, உள்ள நடுவுல உயரமான வளைவு, ரெண்டு பக்கமும் அரைத் தூண், மேல தண்டவாளத்துக்கு ஒரு பட்டை வரைஞ்சுக்கோங்க. அரைத் தூணா ஏன்னா பக்கத்து வளைவோட அரைத் தூணும் சேர்ந்தாதான் முழுத் தூண் ஆகும். 2பி பென்சிலால கறுப்பா வரைஞ்சு, பேப்பரைக் கவுத்து ரப்பர் மேல வச்சு, ஸ்பூன் முதுகால தேய்ங்க. படம் ரப்பருக்கு ஏறிரும், திருப்பிப் போட்டதால கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கும், அச்சு ஒத்துறப்ப மறுபடி திரும்பி நேராகிரும். எழுத்து செதுக்குறவங்களுக்கு இது பெரிய விஷயம், தலைகீழா எழுதிப் பழக வேண்டிய அவசியமே இல்ல, பட்டர் பேப்பர்ல நேரா எழுதிக் கவுத்தினாப் போதும்.

வெட்டுறப்ப பிளேடை நேர்க்குத்தா பிடிக்காம, கோட்டுல இருந்து வெளிப் பக்கமா சாய்ச்சு வெட்டுங்க. அடிப்பாகம் அகலமா, மேல கோடு மெல்லிசா, மலை மாதிரி நிக்கணும். உள்பக்கமா சாய்ச்சு வெட்டினா கோட்டுக்கு அடியில தாங்கல் இல்லாம ரெண்டு மூணு அச்சுலயே பிஞ்சுரும். வளைவு வர்ற இடத்துல கத்தியைத் திருப்பாதீங்க, ரப்பரைத் திருப்புங்க. விரலு கத்திக்கு முன்னாடி இருக்கவே கூடாது, சின்னப் பிள்ளைங்க ஆசைப்பட்டா வெட்டுற வேலையை நீங்க பண்ணி, ஒத்துற வேலையை அவங்களுக்குக் கொடுங்க. வெண்டைக்காயைக் குறுக்க வெட்டிப் போஸ்டர் கலர்ல ஒத்தினா அஞ்சு இதழ் பூ வரும், ஓணத்துக்கு வாசல்ல போடுற அத்தப்பூக் கோலத்தை வரைய அது ரொம்ப அழகா இருக்கும், கத்தி வேலையே இல்ல.

செதுக்கி முடிச்சதும் ரப்பரோட ரெண்டு பக்க ஓரத்தையும் அரைத் தூண் கோட்டோட ஒட்டி நேரா சீவி விடுங்க. இந்த ஒரு வேலையைச் சோம்பல்படாம செஞ்சாத்தான் பதிமூணு வளைவும் இடைவெளி இல்லாம சேரும், ஏன்னா முந்தின அச்சோட ஓரத்தைப் பாத்து ரப்பர் ஓரத்தை வைக்க முடியும். செதுக்கின ரப்பரைப் பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வைக்காதீங்க, இந்த வெள்ளை ரப்பர் எல்லாம் பெரும்பாலும் வினைல், நாள்பட்டா பிளாஸ்டிக்கோட ஒட்டி இளகிரும், பேப்பர்ல சுத்தி வைங்க.

புனலூர் போற வழி பூரா ரப்பர் தோட்டம். மரத்துல சிரட்டை கட்டிப் பால் வடியுறதைப் பாக்குறப்பெல்லாம் எனக்கு ஸ்டாம்ப் ஞாபகம்தான் வரும். அந்தப் பாலை உறைய வச்சு ஷீட்டா அடிச்சா மட்டும் போதாது, வெயிலுக்குப் பிசுபிசுக்கும், குளிருக்கு விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடு பண்ணி அதை நிலைக்க வைக்கிற முறைக்கு அமெரிக்காவுல சார்லஸ் குட்இயர் 1844-ல காப்புரிமை வாங்கினார், அதுக்கு அப்புறம்தான் ரப்பர் முத்திரை வந்துச்சு. கடையில மரக்கட்டையில ஒட்டின சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் கிடைக்கும், ரொம்ப நாள் உழைக்கும். கண்ணாடி மாதிரி இருக்குற கிளியர் ஸ்டாம்ப்பும் கிடைக்கும், அக்ரிலிக் கட்டையில ஒட்டி ஒத்தணும், எங்க விழுதுன்னு கண்ணால பாத்தே வைக்கலாம். ஆனா அதை வெயில்ல வச்சா மஞ்சளாகி விறைச்சுரும், தின்னர் கின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது, லேசா சோப்புத் தண்ணி போதும். புது கிளியர் ஸ்டாம்ப்ல மை திட்டுத் திட்டா நின்னா பென்சில் ரப்பரால மேல லேசா ஒரு தேய் தேச்சு விடுங்க, பிடிச்சுக்கும்.

தமிழ் வாசகம் உள்ள ஸ்டாம்ப் கடையில கிடைக்கிறது கஷ்டம். அதுக்கு நல்ல வழி, ஆபீஸ் சீல் செஞ்சு கொடுக்குற கடைதான். "பொங்கல் வாழ்த்துகள்"னு நீங்களே அழகா எழுதி எடுத்துட்டுப் போங்க, அதையே அச்சு எடுத்துக் கொடுப்பாங்க, நான் எங்க அம்மாவோட கையெழுத்துல ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன், அதுக்கு ஈடா எந்த ஃபான்ட்டும் இல்ல. அம்மா 'க்' போடாமத்தான் வாழ்த்துகள்னு எழுதுவாங்க, அதுதான் சரின்னு அடிச்சுச் சொல்வாங்க, நானும் அப்படியே வச்சுக்கிட்டேன்.

மை, பவுடர், சூடு

இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான இடம், நிதானமா படிங்க.

மையில ரெண்டு சாதி. டை இங்க் பேப்பருக்குள்ள இறங்கி சட்டுன்னு காஞ்சுரும். பிக்மென்ட் இங்க் பேப்பர் மேலயே உக்காந்து மெதுவா காயும். எம்பாஸிங்குக்கு ரெண்டாவதுதான் வேணும், ஏன்னா பவுடர் ஒட்டுறதுக்கு மை ஈரமா காத்துட்டு இருக்கணும். எம்பாஸிங்குக்குன்னே நிறமில்லாத பிசுபிசுப்பு மையும் விக்குது, தங்கப் பவுடருக்கு அதுவே போதும், மேல பவுடரோட நிறம்தான தெரியப் போகுது. ஆபீஸ்ல வச்சிருக்குற ஊதா மை பேட்ல முயற்சி பண்ணாதீங்க, பவுடர் அங்கங்க மட்டும் ஒட்டும், மேல தண்ணி பட்டா ஊதாவா பரவும்.

இப்போ வரிசையைப் பாருங்க. மொதல்ல ஃபேனை ஆஃப் பண்ணுங்க, ஜன்னலைச் சாத்துங்க, பவுடர் பறந்தா வீடெல்லாம் தங்கம். அட்டை ஈரம் குடிச்சிருந்தா சூடு காட்டி ஒரு அஞ்சாறு செகண்ட் காய விடுங்க, சாரல் காலத்துல இதை விட்டுறாதீங்க. நான் மொதல் வருஷம் ஓணத்துக்குச் செஞ்ச கார்டுல பாலம் ஒரு இடத்துல, பவுடர் அட்டை பூரா, தட்டினா போகவே இல்ல, உருக்கினதும் வானமெல்லாம் தங்கப் புள்ளி. பவுடர் மேல குறையில்ல, அட்டைதான் ஈரம். அப்புறம் ஒரு துணி முடிச்சுல முகத்துக்குப் போடுற டால்கம் பவுடரைக் கட்டி, அட்டை மேல லேசா ஒத்தி எடுங்க, எங்க வீட்டுல குட்டிக்குராதான். இது கை பிசுக்கையும் மிச்சமிருக்குற ஈரத்தையும் எடுத்துரும், எம்பாஸிங் பவுடர் தேவையில்லாத இடத்துல ஒட்டாது. விரலால தடவாதீங்க, விரலோட எண்ணெய் பட்ட இடத்துல பவுடர் அப்படியே கைரேகையா ஒட்டும்.

பென்சிலால அடிக்கோடு ஒண்ணு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இழுத்துக்கோங்க. ரப்பரை பேட்ல தேய்க்காம தட்டித் தட்டி மை ஏத்துங்க, அடிக்கோட்டுல வச்சு நேரா அழுத்தி, ஆட்டாம நேரா தூக்குங்க. ஆட்டினா ஓரமெல்லாம் மை ஒட்டி வளைவு அடைச்சுரும். ஒவ்வொரு வளைவுக்கும் திரும்ப மை ஏத்தணும். நடு வளைவை, அதாவது ஏழாவதை, மொதல்ல ஒத்திட்டு அங்கிருந்து ரெண்டு பக்கமும் ஆறு ஆறா போங்க, கடைசியில இடம் பத்தாம போகாது. சாரல் காலத்துல பதிமூணையும் ஒத்திட்டுப் பவுடர் தூவினாலும் மை ஈரமாவே இருக்கும், சித்திரை வைகாசியில அப்படி நம்பாதீங்க, நாலு நாலா ஒத்தித் தூவுங்க.

பவுடரைத் தாராளமா கொட்டுங்க, மை இருக்குற இடம் பூரா மூடணும், அப்புறம் அட்டையைச் சாய்ச்சு பின்னாடி ரெண்டு தட்டு. கீழ மடிச்ச பேப்பர் ஒண்ணு இருக்கணும், விழுந்த பவுடர் பூராவும் அந்த மடிப்பு வழியா டப்பாவுக்கே திரும்பப் போயிரும், ஒரு கார்டுக்கு ஆகுறது கொஞ்சூண்டுதான், ஒரு டப்பா வருஷக்கணக்கா வரும். ஒட்டக் கூடாத இடத்துல ஒண்ணு ரெண்டு துகள் இருந்தா காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால தள்ளி விடுங்க, உருகினதுக்கு அப்புறம் எடுக்கவே முடியாது.

சூடு. ஹேர் டிரையர் உதவாது, காத்து வேகமா அடிச்சு பவுடரைப் பறக்க விடும், சூடும் பத்தாது. கைவேலைக்குன்னு வர்ற சின்ன ஹீட் கன்ல காத்து கம்மி, சூடு அதிகம், அதுதான் இதுக்குச் சரி. ஹார்டுவேர் கடையில பெயின்ட் உரிக்க விக்கிறதும் ஆகும், ஆனா குறைஞ்ச செட்டிங்ல, தள்ளிப் பிடிச்சு. எதுவா இருந்தாலும் ஆன் பண்ணி பத்து இருபது செகண்ட் காத்துல பிடிச்சுட்டு அப்புறம் அட்டைக்கு வாங்க. அட்டையைத் துணி கிளிப்பால பிடிங்க, அடியில செராமிக் டைல்ஸ் துண்டு ஒண்ணு வைங்க. ஒரு மூலையில காட்டுங்க, மங்கலா மணல் மாதிரி இருந்த பவுடர் திடீர்னு பளபளன்னு நெய் உருகுற மாதிரி மாறும், மாறின உடனே அடுத்த இடத்துக்கு நகருங்க. அந்த மாற்றத்தைப் பாக்குற நிமிஷம் இருக்கே, எத்தனை கார்டு செஞ்சாலும் எனக்கு அது அலுக்கல. அதே இடத்துல நின்னுட்டீங்கன்னா உருகினது பேப்பருக்குள்ள இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஆயிரும், மேடு போயிரும், அட்டையும் வளையும். பின்பக்கமா காட்டுறது இன்னும் நல்லது, அட்டை வளையுறதும் குறையும், பவுடரும் பறக்காது.

ஹீட் கன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பூரா நான் தோசைக்கல்லுலதான் பண்ணேன். கல்லை நல்லா காய வச்சு, அடுப்பை அணைச்சுட்டு, கல்லுக்கு ஒரு விரக்கடை மேல அட்டையை இடுக்கியால பிடிச்சு, படம் மேல பாத்து இருக்குற மாதிரி மெதுவா நகத்துங்க. எங்க அத்தை பாத்துட்டு, "என்னட்டி பண்ணுத, பேப்பரையா சுடுத?"ன்னு பதறி ஓடி வந்தாங்க. உருகினதைக் காட்டினதும் பக்கத்துலயே நின்னு, "அந்த ஓரத்துல இன்னும் உருகல பாரு, இப்படி நகத்து"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அடுப்பை அணைக்காம இதைப் பண்ணாதீங்க, அட்டை ஓரம் தீ பிடிக்கும். கார்டுக்குன்னு பழைய கல் ஒண்ணைத் தனியா வச்சுக்கோங்க, பவுடர் சிந்தின கல்லுல திரும்ப தோசை ஊத்தக் கூடாது. சூடு பண்ற இடத்துல கொஞ்சம் வாடை வரும், அதனால உருக்கி முடிச்சதும் ஜன்னலைத் திறந்து விட்டுருங்க.

ஆறினதும் தொட்டுப் பாருங்க. ஆறுறது ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆனா அதுக்குள்ள தொட்டா விரல் தடம் நிக்கும், விரலும் சுடும்.

மார்க்கர்

1843-ல லண்டன்ல ஹென்றி கோல்ங்கிறவர் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியை வச்சு வரையச் சொல்லி 1,000 கிறிஸ்துமஸ் கார்டு போட்டார், அச்சடிச்சு விலைக்கு வந்த மொதல் கிறிஸ்துமஸ் கார்டுன்னு அதைத்தான் சொல்றாங்க. அதுலயும் கோட்டை அச்சடிச்சு, உள்ள கலரைக் கையாலதான் கொடுத்தாங்க. நாம பண்ணப் போறதும் அதேதான்.

மார்க்கர்லயும் ரெண்டு சாதி, தண்ணி மார்க்கர், ஆல்கஹால் மார்க்கர். பிரஷ் பேனா, ஸ்கெட்ச் பேனா எல்லாம் தண்ணி வகை. பாலத்துக்குப் பின்னாடி மலை, மரம், கீழ ரோடுன்னு கலர் கொடுக்க இது போதும். எம்பாஸ் பண்ண கோடு மேல தண்ணி மார்க்கர் ஒட்டாது, முத்து முத்தா நிக்கும், டிஷ்யூவால ஒரு துடை துடைச்சா தங்கம் திரும்பப் பளிச்சுன்னு ஆயிரும். ஒரே இடத்துல திரும்பத் திரும்பத் தேய்க்காதீங்க, அட்டை நார் எழும்பும். கலரை ஒரு பிளாஸ்டிக் மூடியில தடவி, ஈர பிரஷ்ஷால தொட்டு எடுத்துப் பூசினா வாட்டர் கலர் மாதிரி வரும், மலைக்கு அந்த மங்கல் ரொம்பப் பொருத்தம், சாரல் விழுறப்ப மலை அப்படித்தான இருக்கும்.

ஆல்கஹால் மார்க்கர்ல கலர் ஒண்ணோட ஒண்ணு இழைஞ்சு வரும், கோடு கோடா தெரியாது. மொதல்ல வெளிர் நிறம், அது காயுறதுக்குள்ள நிழல் விழுற இடத்துல அடர்ந்த நிறம், மறுபடி வெளிர் நிறத்தால ரெண்டும் சேர்ற எல்லையை இழைச்சு விடணும். இங்க திரும்பவும் அதே ஈரக் கணக்கு, அட்டை அந்த மையில நனைஞ்சு இருக்குறப்பதான் இழையும், காஞ்சுட்டா திட்டாத் தெரியும். அட்டைக்குப் பின்னாடி ஊறும், அதனால அடியில வேஸ்ட் பேப்பர் வைங்க, இதுக்காகவே நான் படத்தைத் தனி அட்டையில செஞ்சு கார்டு மேல ஒட்டுறேன். எம்பாஸ் கோட்டைத் தொடாம உள்ளயே நில்லுங்க, கோடு மேல இழுத்தா பவுடர் மார்க்கர் முனையில ஒட்டி முனை கெடும். ஆல்கஹால் சட்டுன்னு தீ பிடிக்கிற சமாச்சாரம், அடுப்புப் பக்கத்துல வச்சு இந்த வேலை வேண்டாம். ரெண்டு முனை உள்ள மார்க்கரைப் படுக்க வச்சு வைங்க, நிறுத்தி வச்சா ஒரு முனை காஞ்சுரும்.

எம்பாஸ் இல்லாம சாதா மையில ஸ்டாம்ப் அடிச்சு கலர் பண்றதா இருந்தா ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: கோட்டு மை எதுல கரையுமோ அந்த மார்க்கரை அது மேல விடக் கூடாது. துண்டுப் பேப்பர்ல ஒத்தி, பத்து நிமிஷம் காய விட்டு, மார்க்கரால ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க. கறுப்பு பரவலேன்னா தைரியமா இறங்கலாம்.

இன்னும் ஒரு அழகான வழி இருக்கு. வெள்ளை அட்டையில வெள்ளை பவுடர் போட்டு ஒரு புள்ளிக் கோலத்தை எம்பாஸ் பண்ணுங்க. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. அது மேல ஈர பிரஷ்ஷால நீலமோ காவியோ பூசி விட்டா கோடு மட்டும் கலரை வாங்காம வெள்ளையா எழும்பி வரும், விடியக்காலம் சாணி தெளிச்ச வாசல்ல கோலம் தெரியுற மாதிரியே இருக்கும். பொங்கல் கார்டுக்கு நான் வேற எதுவும் தேடுறதே இல்ல.

சூடு இல்லாம புடைக்க வைக்கிறது

பிள்ளைங்களோட உக்காந்து செய்ய இதுதான் நல்லது. பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில ஒரு வடிவத்தை, மாம்பழமோ யானையோ, வெட்டி எடுத்து ஓட்டையா ஆக்குங்க, இதுதான் ஸ்டென்சில். அதைப் பகல்ல ஜன்னல் கண்ணாடியில டேப் போட்டு ஒட்டி, மேல அட்டையோட முன்பக்கம் ஸ்டென்சிலைப் பாத்து இருக்குற மாதிரி வச்சா வெளிச்சத்துல ஓரம் தெரியும். அட்டை கெட்டியா இருந்தா தெரியாது, அதனால இதுக்கு மட்டும் 200 ஜிஎஸ்எம் பக்கம் எடுங்க. பின்பக்கத்துல மெழுகுவத்தியை லேசா தேச்சுக்கிட்டா பேனா முனை வழுக்கிட்டுப் போகும், கிழியாது. தீர்ந்து போன பேனாவால ஓரத்தை மட்டும் சுத்தி அழுத்துங்க, உள்ள பூரா தேய்க்க வேண்டாம், ஓரம் எழும்பினாலே நடுவும் எழும்பினதாத் தெரியும். இங்க லேசா ஈரம் இருந்தா அட்டை இளகிக் கொடுக்கும், சாரல் காலத்துல நல்லா வர்ற ஒரே வேலை இதுதான்.

ஒட்டுறது, எழுதுறது, அனுப்புறது

படத்தைக் கார்டுல ஒட்ட ஃபெவிகால் தடவினா தண்ணி ஊறி அலை அலையா வரும், ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்தான் சரி. தூக்கி நிக்கணும்னா ஸ்பாஞ்ச் டேப். ஆனா எடையைப் பாருங்க, 300 ஜிஎஸ்எம்ல ஏ5 அட்டை 9 கிராமுக்குச் சொச்சம், மேல ஒட்டுற ஏ6 துண்டு நாலரை கிராமுக்குச் சொச்சம், கவர் நாலஞ்சு கிராம், ஆக 18 பக்கம் வந்துருச்சு. தபால்ல 20 கிராம் தாண்டினா கூடுதல் ஸ்டாம்ப் ஒட்டணும், அதனால ஸ்பாஞ்ச் டேப் போட்டிருந்தா போஸ்ட் ஆபீஸ்லயே எடை போட்டு ஒட்டச் சொல்லிருங்க, பத்தாம ஒட்டினா வாங்குறவங்க காசு கொடுக்க வேண்டி வரும், சித்தியை அப்படி நிக்க வைக்கக் கூடாது.

உள்ள எழுதுறதைச் சாதா பால்பாயின்ட்ல, கார்டைத் திறந்து தட்டையா வச்சு எழுதுங்க, எம்பாஸ் பண்ண பக்கத்துக்குப் பின்னாடி அழுத்தி எழுதினா மேடு வெடிக்கும். என்ன எழுதுறதுன்னு தெரியலேன்னா இந்த வருஷம் வீட்டுல நடந்தது ஒண்ணை எழுதுங்க, யாரு பிள்ளை நடக்க ஆரம்பிச்சுச்சு, எந்த மரம் காய்ச்சுச்சு, அதுதான் அவங்க திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பாங்க. சித்திக்கு நான் தமிழ்லதான் எழுதுவேன், கீழ "ஓணாசம்சகள்"னு (ஓணம் வாழ்த்துகள்) மட்டும் மலையாள எழுத்துல, சித்தி மக அனுப்பிச்ச மாதிரியைப் பாத்துச் செதுக்கின அச்சால ஒத்துவேன்.

எம்பாஸ் மேல ஒரு பட்டர் பேப்பர் துண்டை வச்சுக் கவருக்குள்ள போடுங்க, வழியில உரசாது. கவர் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பூரா புஸ்தகத்துக்கு அடியில வச்சு எடுத்தா வளைஞ்ச அட்டை நிமிர்ந்துரும், மார்க்கர் ஈரமும் முழுசா போயிரும். அத்த நட்சத்திரத்துல இருந்து எண்ணினா பத்தாவது நாள் திருவோணம், அத்தத்தன்னைக்கே நான் போஸ்ட் பண்ணிருவேன். விலாசம் எழுதின பக்கத்து மேல செல்லோ டேப் ஒட்டி விடுங்க, தென்மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் மழைதான்.